அகத்தின் அழகு பிளக்கில் தெரியும்



அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. மனிதனுக்காகச் சொன்ன இந்த மொழி மோட்டார் சைக்கிளுக்கும் அப்படியே பொருந்தும். இஞ்சினுக்குள்ளே நடப்பதை நாம் கண்ணால் காண முடியாது. இரும்பும் அலுமினியமும் அதை மூடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அதன் தலையில் முடுக்கியிருக்கும் சிறிய பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே எரிந்தது நல்ல நெருப்பா, கெட்ட நெருப்பா என்பது தெரிந்துவிடும். அந்தப் பிளக்கு எப்படிப் பிறந்தது, அதன் நிறத்தைப் பார்த்துக் கார்புரேட்டரைத் திருத்தும் கலை எப்படி உண்டாயிற்று, அது பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பவற்றையே இன்று பார்க்கப்போகிறோம்.

இது பட்டறைக்காரர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று நினைத்துவிட வேண்டாம். ரப்பர்த் தோட்டத்தில் பொழுது விடியுமுன்னே பெரட்டுக்கு நிற்க வேண்டும். பிந்தி வந்தவருக்கு அன்றைக்குப் பேர் இல்லை; பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகும், ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும், பல குடும்பங்கள் ஓரிடத்தில் குடியிருந்து வேறிடத்தில் வேலை செய்யும் நிலை ஏற்பட்டது. நடந்து போக முடியாத தூரம். பேருந்து வராத பாதை. அங்கே காலை ஐந்து மணிப் பனியில் ஒரு மோட்டார் சைக்கிள் உயிர் பெறுமா, பெறாதா என்பது ஒரு குடும்பத்தின் அன்றைய சோற்றோடு சேர்ந்த கேள்வி. ஆகவே பிளக்கின் வரலாறு நம் வரலாற்றுக்கு அந்நியமானதன்று.

கதை ஐரோப்பாவில் தொடங்குகிறது. பெல்ஜிய நாட்டில் பிறந்து பாரிஸ் நகரில் வாழ்ந்த எத்தியேன் லெனுவார் என்பவர், 1860-ஆம் ஆண்டில், வாயுவை மின்பொறியால் கொளுத்தி ஓடும் ஓர் இஞ்சினை உருவாக்கினார். பிளக்கின் மூதாதை அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதைப் பின்வந்த எல்லாரும் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1885-இல் ஜெர்மனியில் டைம்லரும் மைபாக்கும் சேர்ந்து, மரச்சட்டத்தில் பெட்ரோல் இஞ்சினைப் பொருத்தி, இன்றைய மோட்டார் சைக்கிளின் முன்னோடி எனத்தக்க வண்டியைச் செய்தார்கள். அந்த வண்டியில் பிளக்கு இல்லை. நெருப்பினால் பழுக்கச் சூடேற்றிய ஒரு சிறு குழாய்தான் எரிபொருளைக் கொளுத்தியது. காற்று பலமாக அடித்தால் அந்த நெருப்பு அணைந்துபோகவும் கூடும்.

இந்தத் தொல்லை தீர்ந்தது 1902-இல். ராபர்ட் பாஷ் என்பவரின் தொழிற்சாலையில் வேலை செய்த காட்லோப் ஹோனல்ட் என்ற பொறியாளர், உயர் அழுத்த மின்சாரம் தரும் மேக்னட்டோவையும், அதனோடு சேர்ந்து இயங்கும் பிளக்கையும் செம்மைப்படுத்தினார். அது முதல் பிளக்கின் உருவம் பெரிதாக மாறவில்லை. நடுவில் ஒரு கம்பி. அதைச் சுற்றி மின்சாரம் கசியாதபடி காக்கும் பீங்கான். அதற்கு வெளியே மரையிட்ட இரும்பு உறை. கீழே வளைந்து நிற்கும் ஒரு கொக்கி. கம்பிக்கும் கொக்கிக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளி. அந்த இடைவெளியைப் பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் தாண்டும்போது பொறி பறக்கிறது.

கார்புரேட்டரின் கதையும் இதற்கு இணையாகவே வளர்ந்தது. பெட்ரோல் நீராக இருக்கும் வரையில் நன்றாக எரியாது. அது காற்றோடு கலந்து ஆவியாக வேண்டும். முதலில் பெட்ரோலின் மேற்பரப்பில் காற்றை உரசவிட்டு ஆவியாக்கிப் பார்த்தார்கள். 1893-இல் மைபாக், பெட்ரோலை நுண்ணிய துளை வழியாகத் தூவும் கார்புரேட்டரைச் செய்தார். நம் வீடுகளில் கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பைப் பார்த்திருப்பீர்கள். குழாயின் வாயில் காற்று வேகமாக ஓடுகிறது. அந்த வேகம் டப்பாவில் உள்ள மருந்தை மேலே இழுத்துத் தூளாகச் சிதறடிக்கிறது. கார்புரேட்டரும் அதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. இஞ்சின் மூச்சு இழுக்கும்போது காற்று ஒரு குறுகிய கழுத்தின் வழியே பாய்கிறது, பெட்ரோல் தூவப்படுகிறது.

எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல்? எடைக்கணக்கில், ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். சோற்றுக்கு உப்புப் போலத்தான் இது. கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். ஆனால் உப்பைப் போல இதை நாக்கில் வைத்துப் பார்க்க முடியாதே! அப்படியானால் கலவை சரியாக இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? அதற்கு விடையாக வந்ததுதான் பிளக்கின் பீங்கான். பொறிக்காக வைத்த அந்தப் பொருள், எரியும் நெருப்பின் நடுவிலேயே எப்போதும் நிற்பதால், எரிந்ததன் கணக்கெல்லாம் அதன்மேல் படிந்துவிடுகிறது. அது வெள்ளையாக இருப்பதால் படிந்தது நன்றாகவும் தெரிகிறது. மெக்கானிக்குகளும் பந்தய வீரர்களும் அந்தக் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். கருவிகள் எட்டாத இடத்தில் கண்ணே கருவியாயிற்று.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரை நினைத்துப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்ற சிற்றூரில் 1893-இல் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. மைபாக்கின் கார்புரேட்டரும் அவரும் ஒரே வயது என்றும் சொல்லலாம். பள்ளிப் படிப்பு அவருக்குத் தொடக்க நிலையோடு நின்றுவிட்டது. ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும், அது எப்படி ஓடுகிறது என்று அறியும் ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. கோயம்புத்தூருக்குப் போய் உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து, பணம் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கி ஊர்வலம் போகவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார், மறுபடியும் பூட்டினார். வண்டியே அவருக்குப் பாடப் புத்தகம். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்து ஓட்டத் தொடங்கி, பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே கட்டினார். பிற்காலத்தில் மோட்டார்களும் கருவிகளும் செய்தார். இளைஞர்களுக்குத் தொழிற்கல்வி கிடைக்கப் பாடுபட்டார். 1974-இல் அவர் மறைந்தபோது, இந்தியாவின் எடிசன் என்று மக்கள் அவரை அழைத்து வந்தார்கள். ஏட்டைப் படிக்க வாய்ப்பில்லாதவர் இயந்திரத்தைப் படித்து உயர்ந்தார் என்பதே இதன் சாரம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1877-இல் ரப்பர்க் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது அவற்றுக்குப் பெரிய தேவை ஒன்றும் இல்லை. 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த ரப்பர் சக்கரத்தைக் கொண்டுவந்தார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. உலகம் ரப்பருக்கு அலைந்தது. நம் பாட்டன்மார் பேராக்கின் காடுகளில் பால் வெட்ட வந்தது அதனால்தான். உலகத்தின் வண்டிகளெல்லாம் உருள்வதற்குப் பால் எடுத்துக் கொடுத்தவர்கள் நீண்ட காலம் நடந்தே போனார்கள். வசதி வந்தவர்கள் சைக்கிள் வாங்கினார்கள். மோட்டார் சைக்கிள் துரைமார்களுக்கும் மேலதிகாரிகளுக்கும் உரியதாக இருந்தது.

அந்த நிலையை மாற்றியது ஜப்பானிலிருந்து வந்த ஒரு சிறிய வண்டி. 1958-இல் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்ற வண்டியை வெளியிட்டது. 50 சி.சி. இஞ்சின், கையால் பிடிக்கும் கிளட்சு இல்லை, சேறு தெறிக்காமல் முன்புறம் ஒரு காப்பு. அதே 1958-இல் பினாங்கு நகரத்து வணிகர் லோ பூன் சியூ அந்த வண்டியை மலாயாவில் விற்கும் உரிமையைப் பெற்றார். அவருடைய வரலாறும் கேட்கத் தக்கது. சீனாவில் பிறந்து 12 வயதில் பினாங்கு வந்தவர்; பள்ளிப் படிப்பு இல்லாதவர்; பேருந்து கழுவியும், பட்டறையில் மெக்கானிக் வேலை பழகியும் முன்னுக்கு வந்தவர். கோயம்புத்தூரில் ஒரு நாயுடு, பினாங்கில் ஒரு லோ. இருவருக்கும் பள்ளிக்கூடம் பட்டறைதான்.

கப் என்ற பெயரோடு, சின்னது என்று பொருள்படும் சீனப் பேச்சுச் சொல்லாகிய சாய் சேர்ந்து, கப்சாய் என்று நம் நாட்டில் அந்த வண்டிக்குப் பெயர் விழுந்தது. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் அது ஒரே பெயராயிற்று. தோட்டங்களில் அது வெறும் வாகனமாக இருக்கவில்லை. பின்னால் கட்டுப்பாலும் புல்லுக்கட்டும் ஏற்றியது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டது. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது. 1987-இல் வந்த ஹோண்டா இ.எக்ஸ்.5, 1996-இல் நம் நாட்டின் சொந்தத் தயாரிப்பாகக் கெடா மாநிலத்துக் குருணிலிருந்து வந்த மோடனாஸ் கிறிஸ் ஆகியவையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. 2017-இல் உலகெங்கும் செய்யப்பட்ட சூப்பர் கப் வண்டிகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது.

வண்டி வந்தது, ஆனால் பட்டறை டவுனில் இருந்தது. ஈப்போவுக்கோ, சுங்கை சிப்புட்டுக்கோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் ஒரு நாள் வேலை போயிற்று. ஆகவே லயத்து வாசலிலேயே வண்டி பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் தோன்றினார். அவரிடம் இருந்தவை ஒரு பிளக்குச் சாவி, ஒரு திருப்புளி, ஒரு மணல்தாள், நல்ல கண். அந்தக் கண் எதைப் பார்த்தது என்பதை இனிச் சொல்கிறேன்.

பிளக்கைப் படிக்க முறை உண்டு. வீட்டு வாசலில் உறுமவிட்டுவிட்டுக் கழற்றிப் பார்ப்பது பயனில்லை. வண்டி சூடான பிறகு, ஆள் நடமாட்டமற்ற நல்ல பாதையில் சில கிலோமீட்டர் வழக்கமான வேகத்தில் ஓட்ட வேண்டும். பிறகு வேகத்தைக் குறைத்து உறுமவிடாமல், அப்படியே இஞ்சினை நிறுத்தி, கியரை விடுவித்து உருளவிட்டு ஓரங்கட்ட வேண்டும். மெதுவாக ஓடவிட்டு நிறுத்தினால், அந்த மெது ஓட்டத்தின் கரி முன்னைய கணக்கை மூடிவிடும். நெடுஞ்சாலையில் இந்தச் சோதனை வேண்டாம். இஞ்சின் ஆறிய பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். சூட்டில் கழற்றினால் கையும் சுடும், அலுமினிய மரையும் தேயும்.

இப்போது நிறத்தைப் பார்ப்போம். பீங்கானின் நுனி வெளிர் பழுப்பாக, பால் கூடிய தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தால் கலவை சரி. அடுப்புக்கரி போல உலர்ந்த கறுப்புப் படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்றுக் குறைவு. கறுப்போடு எண்ணெய்ப் பசையும் இருந்தால் அது கார்புரேட்டரின் குற்றமன்று. ரிங்கோ வால்வுச் சீலோ தேய்ந்து, இஞ்சின் எண்ணெய் உள்ளே கசிகிறது. எண்ணெயைப் பெட்ரோலோடு சேர்த்து எரிக்கும் இருவீச்சு வண்டிகளில், எண்ணெய் அளவு கூடினாலும் இப்படி நனையும். பீங்கான் சுண்ணாம்பு போல வெளுத்து, நுனியில் கொப்புளமும் தெரிந்தால் உள்ளே சூடு மிஞ்சுகிறது. காற்று அதிகமாகிப் பெட்ரோல் குறைந்திருக்கலாம்; எங்கேனும் காற்றுக் கசிவு இருக்கலாம்.

இவற்றுள் கறுப்பு செலவு வைக்கும். வெள்ளை இஞ்சினையே கொல்லும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க எண்ணிக் கார்புரேட்டரை இறுக்கிவிடுபவர்கள் உண்டு. சுமையோடு மேடு ஏறும்போது சூடு தாங்காமல் பிஸ்டன் உருகி ஓட்டை விழும். சில வெள்ளி மிச்சம் பிடிக்கப்போய், மாதச் சம்பளத்தில் பெரும்பங்கைப் பட்டறையில் கொட்ட நேரும்.

கார்புரேட்டரைத் திருத்துவதிலும் ஒழுங்கு வேண்டும். முறுக்குப் பிடியைக் கால்பங்கு திறக்கும் வரை மெது ஓட்டத்தின் திருகாணியும் சிறு ஜெட்டும் ஆட்சி செய்கின்றன. கால்பங்கு முதல் முக்கால்பங்கு வரை ஊசி. அதற்கு மேல் பெரிய ஜெட். எந்த வேகத்தில் குறை தெரிகிறதோ அந்தப் பகுதியையே தொட வேண்டும். திருகாணி காற்று வடிகட்டிப் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருப்பினால் கலவை மெலியும். இஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருப்பினால் கலவை செறியும். ஊசியின் கொக்கியை ஒரு படி கீழே மாட்டினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். ஜெட்டில் எண் பெரிதானால் துளையும் பெரிது. ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றி, மறுபடியும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது மருந்து, எது நஞ்சு என்று தெரியாமல் போகும்.

ஆனால் கார்புரேட்டரில் கைவைக்குமுன் வேறு சிலவற்றைப் பார்த்தாக வேண்டும். தோட்டத்துச் செம்மண் புழுதி காற்று வடிகட்டியை அடைத்துவிட்டால் இஞ்சினுக்கு மூச்சு முட்டும், பிளக்குக் கறுக்கும். வடிகட்டியைத் துப்புரவு செய்தாலே நோய் தீரும். பிளக்கின் வகையும் முக்கியம். சில பிளக்குகள் சூட்டை விரைவாக வெளியேற்றும், சில தேக்கிவைக்கும். ஜப்பானில் 1936-இல் தொடங்கிய என்.ஜி.கே. பிளக்குகளில் எண் கூடக்கூட அவை குளிர்ந்த வகை. பாஷ் பிளக்குகளில் இதற்கு நேர் எதிர். எண்ணைப் பார்க்காமல் மாற்றிவிட்டுக் கார்புரேட்டரைப் பழி சொல்வது நியாயமாகாது.

ஊரும் நிறத்தை மாற்றும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு வண்டி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் மக்கள் தேயிலை பறிக்கப் போன அந்த மலையில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பெட்ரோல் அதே அளவுக்குக் குறைவதில்லை. தாப்பாவில் பழுப்பாக இருந்த பிளக்கு மேலே கறுக்கத் தொடங்கும். இது வண்டியின் நோயன்று; மலையின் குணம். அங்கே ஜெட்டை மாற்றிவிட்டு அப்படியே கீழே இறங்கி வந்தால், பிளக்கு வெளுக்கும்.

காலமும் நிறத்தை மாற்றியிருக்கிறது. 1920-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் பெட்ரோலில் ஈயம் கலக்கப்பட்டது. அந்த ஈயப் படிவும் பிளக்குக்குத் தெளிவான பழுப்பு நிறம் தந்தது. பழைய கைகள் பழகியது அந்த நிறத்தையே. ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கிறது என்று தெரிந்தபின் நாடுகள் அதை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. மலேசியாவில் 1990-களில் ஈயமில்லாப் பெட்ரோல் பரவியது. 2021-இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு, சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோல் உலகிலிருந்தே மறைந்தது. இன்று நல்ல கலவையிலும் பீங்கான் நுனி வெளிறியே தெரியலாம். பீங்கானின் அடிப்பகுதியில் மெல்லிய வளையமாகத்தான் நிறம் விழும். பழைய கண்ணோடு பார்ப்பவர், சரியாக இருக்கும் வண்டியைக் கெடுத்துவிடக்கூடும். படித்தவரும் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இன்று புதிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. ஒரு சிறு மின்னணுப் பெட்டி காற்றை அளந்து பெட்ரோலைத் தெளிக்கிறது. மலை ஏறினால் தானே அளவை மாற்றிக்கொள்கிறது. ஆனாலும் அதிலும் பிளக்கு உண்டு. எண்ணெய் கசிந்தால் அந்தப் பிளக்கும் நனையும். சூடு மிஞ்சினால் அதுவும் வெளுக்கும். பழைய கப்சாய்களும் இன்னும் நம் பாதைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆகவே பிளக்கைப் பார்க்கும் வழக்கம் வீணாகாது. அடையாளத்தைப் பார், காரணத்தைத் தேடு, ஒன்றை மாற்று, மறுபடியும் பார் என்பது எந்தக் கருவிக்கும் பொருந்தும் முறை.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பள்ளிப் பாடத்தில் பின்தங்கி, வண்டியைக் கழற்றிப் பூட்டுவதில் மூழ்கியிருக்கும் பையனை, உருப்படமாட்டான் என்று ஏசிவிடாதீர்கள். அதே சமயம், கைத்தொழில் தெரிந்தால் போதும், படிப்பு எதற்கு என்றும் விட்டுவிடாதீர்கள். லயத்து வாசலில் வண்டி பார்த்தவர்களில் எத்தனையோ பேர் கைதேர்ந்தவர்கள். ஆனால் கையில் ஒரு தாளும் இல்லாததால், தோட்டம் மூடியபோது கூலி வேலைக்கே போனார்கள். இன்று அந்த நிலை வேண்டியதில்லை. மனிதவள அமைச்சைச் சேர்ந்த திறன் மேம்பாட்டுத் துறை மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து அதைப் பெறலாம். பல ஆண்டு வேலை அனுபவம் உள்ளவர், அந்த அனுபவத்துக்கே சான்று காட்டி மதிப்பீட்டின் வழியாகவும் பெறலாம். வண்டி பார்க்கத் தெரிந்த அண்ணன், மாமா, சித்தப்பா யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தச் செய்தியை இன்றே அவர் காதில் போடுங்கள். விண்ணப்பத்தை நிரப்பத் தயங்கினால், பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் அழைத்துப் போங்கள்.